அடைமழை அடுக்களை

எங்கள் ஊரில் ஐப்பசி பிறப்பதைக் காலண்டரைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. காற்று திரும்பினால் போதும். ஆனி, ஆடி முழுக்க மேற்கே பொதிகை மலையிலிருந்து இறங்கி வந்து தென்னந்தோப்பை உலுக்கிக்கொண்டிருந்த காற்று புரட்டாசிக் கடைசியில் ஓய்ந்துவிடும். கொஞ்ச நாள் இலை அசையாமல் ஒரே புழுக்கம். அப்புறம் ஒரு மத்தியானம், மாட்டுத்தொழுவத்துப் பக்கமிருந்து, கிழக்கே இருந்து, ஈரமாக ஒரு காற்று வரும். ஆச்சி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து நிற்பாள்.

“ஏளா, கொண்டல் எடுத்துட்டு. வெறகை உள்ள எடுங்க.”

“இந்தா வந்துட்டேன் அத்தை” என்று அம்மா அடுக்களையிலிருந்து வருவாள். அன்றிலிருந்து வீட்டின் நடைமுறையே வேறு.

சேரன்மகாதேவிக்கும் பத்தமடைக்கும் நடுவில், கன்னடியன் கால்வாய் பாயும் ஊர் அது. குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் எங்களுக்குக் காற்றும் கால்வாய்த் தண்ணீரும்தான். எங்கள் ஓட்டின் மேல் விழுகிற மழை வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் பெய்துவிடுகிறது. அந்தக் கணக்கை ஆச்சி படித்ததில்லை. ஆனால் அவள் வீட்டை நடத்தியது அந்தக் கணக்கில்தான். கார் நெல் அறுத்து வீடு வந்திருக்கும். பிசானத்துக்கு நாற்றுப் பாவியிருப்பார்கள். வயலில் ஆண்களுக்கு வேலை கூடுகிற அதே நேரம், வீட்டுக்குள் ஈரத்தோடு பெண்களின் போராட்டம் ஆரம்பமாகும்.

முதல் வேலை விறகு. உடைமர விறகு, பனங்கருக்கு, தென்னை மட்டை, பாளை, கதம்பை என்று புறவாசலில் குவிந்து கிடப்பதையெல்லாம் நாங்கள் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி அடுக்களைக்குக் கொண்டுபோவோம். பெரிய விறகு அடுப்புக்கு மேலே இருக்கும் பரணுக்குப் போகும். கீழே எரிகிற தீயின் புகையும் சூடும் மேலே இருக்கிற விறகைக் காயவைத்துக்கொண்டே இருக்கும். சிரட்டையும் கதம்பையும் பற்றவைப்பதற்காக மூலையில் தனியாக. பரணில் இன்னொரு பக்கம் கருப்பட்டி. ஓலைப்பாயில் பொதிந்த சிப்பமாக உடன்குடிப் பக்கத்திலிருந்து கோடையிலேயே வாங்கிவைத்திருப்பது. மழை பிடித்தால் கருப்பட்டி இளகி ஒழுகத் தொடங்கும். புகை படுகிற இடத்தில் இருந்தால் கல்லாகவே நிற்கும். உப்பு மரவை அடுப்புக்குப் பக்கத்துத் திட்டுக்கு நகரும். தீப்பெட்டியை மட்டும் எந்தத் திட்டையும் நம்பி ஆச்சி வைக்கமாட்டாள். அவள் இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு தீப்பெட்டியும் ஏறிவிடும். அந்த மூன்று மாதமும் வீட்டில் நமுத்துப்போகாத தீக்குச்சி அவளிடம் மட்டும்தான் இருக்கும். விடிகாலையில் யாருக்கு விளக்கேற்ற வேண்டுமென்றாலும் ஆச்சியை எழுப்பித்தான் ஆகவேண்டும்.

மழை பிடித்தால் லேசில் விடாது. பகலில் வெறித்து, சாயங்காலம் கட்டி, ராத்திரி முழுக்கப் பெய்யும். ஓடு எத்தனை முறை மாற்றினாலும் எங்கேயாவது ஒழுகும். கூடமான பட்டாசலில் ஒரு சருவம், நடையில் ஒரு வாளி, நெல் குலுக்கைக்குப் பக்கத்தில் ஒரு செம்பு. ஒவ்வொன்றிலும் சொட்டு விழும் சத்தம் வேறு வேறு. சருவம் நிறைய நிறைய அதன் சத்தம் கனத்துக்கொண்டே வரும். இருட்டில் படுத்துக்கொண்டு, எந்தப் பாத்திரம் நிறைந்துவிட்டது என்று நானும் தம்பியும் சத்தத்தை வைத்தே சொல்வோம். அம்மா எழுந்துபோய்க் கொட்டிவிட்டு வருவாள்.

திண்ணை நனைந்துவிடும். பட்டாசலில் பாதி ஈரம். வீட்டிலேயே காய்ந்த இடம், சூடான இடம் என்றால் அடுக்களைதான். அதனால் ஐப்பசி வந்ததும் வீடு மொத்தமும் அங்கே வந்து சேர்ந்தது. மற்ற மாதங்களில் அப்பா அடுக்களைக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. சாப்பிட இலை போட்ட பிறகுதான் வருவார், அதுவும் பட்டாசலுக்கு. மழை நாட்களில் அவரும் வந்து நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். மடியில் டிரான்சிஸ்டர். திருநெல்வேலி வானொலியில் அணைகளின் நீர்மட்டம் சொல்லும்போது எல்லோரும் பேச்சை நிறுத்த வேண்டும். பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பது பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே எங்களுக்கு மனப்பாடம். மட்டம் ஏறியிருந்தால் அப்பா முகம் தெளியும். தெளிந்த முகத்தோடு, யாரும் சொல்லாமலே, பக்கத்தில் இருக்கிற சுளகை இழுத்து வெள்ளைப்பூடு உரிக்க ஆரம்பிப்பார். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காததுமாக இன்னும் கொஞ்சம் பூட்டை எடுத்துச் சுளகில் போடுவாள். அவர்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்து நான் பார்த்தது அந்த மாதங்களில்தான்.

அடுப்பு மண்ணில் போட்ட கொடியடுப்பு. முன்னால் பெரிய வாய், பக்கத்தில் கொடிக்கு ஒரு சின்ன வாய். பெரிய வாயில் உலை கொதிக்கும்போது கொடியில் எப்போதும் ஒரு செம்புப்பானையில் வெந்நீர் இருந்துகொண்டே இருக்கும். கொடியை ஒட்டி, சுவர் மூலையில், ஒரு ஆள் மட்டும் சம்மணம் போட்டு உட்காரும் இடம். வீட்டிலேயே அதுதான் சிம்மாசனம். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் அங்கே யார் உட்காருவது என்று தினமும் சண்டை. “ஏட்டி, தள்ளி உக்காரு, பாவாடையில பொறி விழுந்திரும்” என்று ஆச்சி அதட்டுவாளே தவிர, எழுந்துபோகச் சொல்லமாட்டாள்.

அங்கிருந்து பார்த்தால் தீயை முழுசாகப் பார்க்கலாம். ஈரம் முற்றும் போகாத விறகு எரியும்போது ஒரு முனையில் தீ, மறுமுனையில் தண்ணீர். வெட்டுவாயில் சின்னச் சின்னக் குமிழ் நுரைத்து, சுர்ரென்று சத்தம் போட்டு, சொட்டாகத் திரண்டு தரையில் விழும். அந்த நுரைக்கு ஒரு புளித்த மணம் உண்டு. அம்மா ஊதுகுழலை எடுத்துக் கன்னம் உப்ப ஒரு மூச்சு ஊதினால் சாம்பலுக்கு அடியில் இருந்த கங்கு சிவந்து, மஞ்சளாகி, திடீரென்று தீ எழும்பிப் பானையின் அடியைப் பிடிக்கும். அந்த வெளிச்சம் அம்மாவின் மூக்குத்தியில் ஒரு நொடி நின்று போகும். கருப்பட்டிக் காப்பி கொதிக்கும்போது, தட்டிப்போட்ட சுக்கும் மல்லியும் சேர்ந்து வருகிற அந்த நெடியைக் கிட்டத்தில் முகர்ந்தால் மூக்கு திறந்துகொள்ளும். பித்தளைத் தம்ளரைப் பாவாடையால் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவோம். அடியில் கருப்பட்டி மண் லேசாகத் தங்கும். அதை வெளியே முற்றத்து மழையில் கொட்டிவிட்டு ஓடி வர வேண்டும்.

பிற்பாடு கல்லூரியில் நெடுநல்வாடை படித்தேன். ஐப்பசி, கார்த்திகைக்கான கூதிர்ப் பருவத்தில், இளையவரும் முதியவரும் குறுகிய வாய்க் கரகத்தின் குளிர்ந்த நீரைத் தொடாமல், அகன்ற வாய்த் தடவில் இட்ட நெருப்பை நாடுவதை நக்கீரர் சொல்லுகிற இடம் வந்தது. ஆசிரியர் பொருள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு எங்கள் கொடியடுப்பு மூலை தெரிந்துவிட்டது. சங்ககாலத்து வீடும் எங்கள் வீடும் அந்த ஒரு விஷயத்தில் மாறவே இல்லை.

ஈரத்துணி இன்னொரு பாடு. தம்பி கைக்குழந்தையாக இருந்த வருஷம், பஞ்சாரத்தைக் கவிழ்த்துவைத்து, உள்ளே ஒரு சட்டியில் தணல் போட்டு, மேலே அவன் துணிகளைப் பரப்பிவிடுவார்கள். தணலில் கொஞ்சம் சாம்பிராணி. சனி, வெள்ளிகளில் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு எங்கள் தலைமுடிக்கும் அதே தணல்தான். தலையைச் சாய்த்து, முடியைப் பஞ்சாரத்தின் மேல் விரித்துப்போட்டுப் படுத்தால், பிடரி வழியாகச் சூடு ஏறும். மழைச் சத்தம் ஒரு பக்கம், சாம்பிராணிப் புகை ஒரு பக்கம், அப்படியே தூங்கிப்போவேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவளுக்கும் சேர்த்து மணக்கும்.

அடைமழைக் காலத்தில் சந்தை கூடாது. கூடினாலும் காய் வராது. தக்காளியும் கத்தரியும் அழுகிவிடும். கீரையில் மண். ஆனால் அந்த நாட்களில் சாப்பிட்ட மாதிரி ருசியாக நாங்கள் வேறு நாட்களில் சாப்பிட்டதில்லை. இதை யோசித்துப் பார்க்கும்போதுதான் எனக்கு ஒன்று புரிகிறது. ஐப்பசியில் நாங்கள் சாப்பிட்டதெல்லாம் சித்திரையில் சமைத்தது. மட்டப்பாவில் வேட்டியை விரித்து, வெயில் ஏறுவதற்கு முன்னால், விடிகிற நேரத்தில் அம்மாவும் சித்தியும் குனிந்து குனிந்து பிழிந்த கூழ்வத்தல். மோரில் ஊறவைத்து, காலையில் வெயிலுக்கும் சாயங்காலம் மோருக்குமாகத் திரும்பத் திரும்பப் போட்டெடுத்த மிதுக்க வத்தல், சீனியவரை வத்தல், சுண்டை வத்தல். உப்பில் குறுகிக் கறுத்த மாங்காய் வத்தல். பங்குனியில் கொட்டை எடுத்து, உப்பு வைத்து அடைத்த புளி. காக்கை விரட்ட மட்டப்பாவில் எங்களைக் காவலுக்கு வைத்திருந்த அந்த மத்தியானங்களின் வெயில், அரை வருஷம் கழித்து, மழை இரைகிற ராத்திரியில், நல்லெண்ணெயில் பொரிந்து வெளியே வந்தது. எங்கள் அடுக்களையில் வெயிலைச் சேர்த்துவைத்திருந்தார்கள். அதைச் செய்த பெண்கள் யாரும் அதைப் பெரிய விஷயமாகச் சொல்லிக்கொண்டதே இல்லை.

ராத்திரிச் சாப்பாடு எளியது. மிளகும் சீரகமும் பூடும் தட்டிப்போட்ட ரசம். அப்பளத்தைப் பொரிக்கமாட்டார்கள், தணலில் வாட்டுவார்கள். நடுவில் கருகி, ஓரம் வெள்ளையாக நிற்கும் அப்பளத்தை நொறுக்கி ரசஞ்சோற்றில் போட்டால் அதற்குத் தனிக் கறி வேண்டாம். வாரத்தில் இரண்டொரு நாள் காணத் துவையல், அதாவது கொள்ளுத் துவையல். காணத்தை வெறுஞ்சட்டியில் சிவக்க வறுத்து, தேங்காய், மிளகாய் வத்தல், பூடு, ஒரு துளி புளி சேர்த்து அம்மியில் வைத்து அம்மா இழுத்து அரைப்பாள். காணம் வறுபடுகிற மணம் மழைக்காலத்துக்கே உரியது. கோடையில் அதை வறுத்தால் “சூடு” என்று ஆச்சி தட்டிவிடுவாள். மார்ச்சளி பிடித்த பிள்ளைக்குக் காணம் வேகவைத்த தண்ணீரில் ரசம். குளிருக்கு உளுந்தங்களி, நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றி, கருப்பட்டியோடு. பெரியவளான அக்காவுக்கு அதில் ஒரு பங்கு கூடுதல். நாங்கள் கேட்டால், “ஒங்களுக்கும் ஒரு காலம் வரும்” என்று பதில்.

சாப்பாட்டுக்குப் பிறகு தீயை அணைத்துவிட்டாலும் தணல் இருக்கும். அந்தத் தணல் பிள்ளைகளுடையது. சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சாம்பலில் புதைப்போம். புரட்டாசியில் விழுந்த பனம்பழம் கிடைத்தால் அதையும் சுடுவோம். பனம்பழத்தைச் சுட்டுத் தின்றவர்களுக்குத்தான் அதன் மணம் தெரியும்: இனிப்பும் கசப்பும் புகையும் கலந்தது, நாரைப் பல்லால் இழுத்து இழுத்துச் சப்ப வேண்டும், முகமெல்லாம் மஞ்சள் ஆகும். சப்பி முடித்த கொட்டைகளை ஆச்சி தூக்கிப்போட விடமாட்டாள். புறவாசலில், மண்ணைக் கூட்டிப் பாத்தி கட்டி, அதில் நெருக்கமாகப் பரப்பி மூடிவிடுவாள். ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் அதன்மேல் பெய்யும். தை பிறக்கும்போது தோண்டினால் பனங்கிழங்கு. எங்கள் எச்சில் கொட்டை ஒன்றுகூட வீணாகாமல் பொங்கலுக்கு மறுபடி எங்கள் கைக்கே வந்துவிடும்.

தீபாவளி இந்த மழைக்கு நடுவில் வரும். மற்றப் பலகாரங்களைவிட முந்திரிக்கொத்துதான் எங்கள் வீட்டுக்குப் பெரிய வேலை. சிறுபயறை மணக்க மணக்க வறுத்து, திரிகையில் உடைத்து, சுளகில் தோல் போகப் புடைத்து, மாவாக்க வேண்டும். அதில் வறுத்த தேங்காய்த்துருவல், எள், ஏலம், சுக்கு. மேலே கருப்பட்டிப் பாகு. சூடு ஆறுவதற்குள் உருட்டிவிட வேண்டும். ஆறிவிட்டால் மாவு கூடாது, உதிரும். அதனால் வீட்டில் இருக்கிற எல்லாக் கையும் சுளகைச் சுற்றி வந்துவிடும். பக்கத்து வீட்டு மதினியும் வந்துவிடுவாள். உள்ளங்கை சிவந்து எரியும். உருட்டியவற்றை ஒரு நாள் அப்படியே விட்டு, மறுநாள் மஞ்சள் துளி கலந்த அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து, மூன்று மூன்றாகச் சேர்த்து எண்ணெயில் விடுவாள் அம்மா. மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு மிதந்து வரும். ஓரங்களில் சிந்திப் பொரிந்த மாவுச் சிலும்பலை அரிகரண்டியில் அள்ளி எங்கள் கையில் போடுவாள். பலகாரத்தைச் சாமிக்குக் காட்டுகிறவரை தொடக்கூடாது. சிலும்பலுக்கு அந்தச் சட்டம் கிடையாது.

தீபாவளி மருந்தும் அதே அடுப்பில் கிண்டியதுதான். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாவற்றையும் இடித்துச் சலித்து, கருப்பட்டியில் போட்டு, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு, சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கிண்ட வேண்டும். கங்கா ஸ்நானம் முடிந்து நெல்லிக்காயளவு வாயில் போட்டால் தொண்டை எரிந்து வயிறு தெளியும். அதற்குப் பிறகு எத்தனை பலகாரம் தின்றாலும் ஆச்சி ஒன்றும் சொல்லமாட்டாள்.

1992 நவம்பரில் மழை வேறு விதமாக வந்தது. தாமிரபரணி பெருகிக் கரையை மீறிய அந்த வெள்ளத்தைத் திருநெல்வேலிச் சீமையில் அப்போது விவரம் தெரிந்த வயதில் இருந்த யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மின்சாரம் போய்விட்டது. டிரான்சிஸ்டருக்கு பாட்டரி தீர்ந்து அணைச் செய்தியும் இல்லை. ஆற்றுப்பக்கத்துத் தெருக்காரர்கள் பாய், படுக்கை, கோழி, பிள்ளைகளோடு மேட்டுத்தெருவுக்கு ஏறி வந்தார்கள். எங்கள் பட்டாசலிலும் ஆட்கள். அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆச்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அப்புறம் அடுக்களைக்குப் போய், அம்மாவிடம், “அண்டாவ எறக்கு. கூட்டாஞ்சோறு பொங்கிருவோம்” என்றாள்.

கூட்டாஞ்சோற்றுக்கு எது கிடைத்தாலும் ஆகும். அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாக வேகும். வந்தவர்கள் கையில் கொண்டுவந்த வாழைக்காய், ஒரு முறி பூசணி, யாரோ மடியில் கட்டிவந்த அவரைக்காய், எங்கள் புறவாசல் முருங்கைக்கீரை எல்லாம் போயிற்று. தேங்காயும் சீரகமும் மிளகாய் வத்தலும் சின்ன உள்ளியும் அரைத்தது ஆற்றுத்தெரு அத்தை ஒருத்தி. அவள் வீட்டு அம்மி தண்ணீருக்குள் இருந்தது. புளி கோடையில் எங்கள் வீட்டில் அடைத்த புளி. விறகு பரணில் காய்ந்த விறகு. கடைசியில் வடகம் தாளித்துக் கொட்டியதும் அந்த மணம் பட்டாசல் வரைக்கும் போய், அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் அமைதியானார்கள். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே பந்தி. அதற்குமுன் எங்கள் வீட்டு அடுக்களைக்குள் வராத பல பேர் அன்று அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்ந்தார்கள். ஆச்சி யாரையும் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து அவள் செய்த மிகப் பெரிய காரியம் அதுதான்.

வெள்ளம் வடிந்தது. சேறும் காய்ந்தது. கார்த்திகை வந்தது.

திருக்கார்த்திகை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு விளக்கு, பொரி உருண்டை. எங்கள் பக்கம், கன்னியாகுமரி வரைக்கும், விளக்கோடு ஓலைக் கொழுக்கட்டையும் வேண்டும். முந்தின நாளே பனையேறி வீட்டில் சொல்லி ஓலை வெட்டி வந்துவிடும். முற்றிய ஓலை ஆகாது. வளைத்தால் ஒடியாத, வெளுத்த பச்சையில் இருக்கிற இளம் ஓலை. அதை இலக்கு இலக்காகக் கிழித்து, ஈர்க்கு எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, சாணளவுக்கு வெட்டி அடுக்குவது எங்கள் வேலை. ஓலையின் விளிம்பு விரலைக் கீறும். கீறினால் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு அடுத்த ஓலையை எடுக்க வேண்டியதுதான்.

மாவுக்குப் பச்சரிசியை ஊறப்போட்டு, வடித்து, ஈரம் இருக்கும்போதே உரலில் இடிப்பார்கள். இரண்டு பேர், இரண்டு உலக்கை, மாற்றி மாற்றி. தப்பாமல் விழுகிற அந்தச் சத்தத்தைத் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கலாம். இடித்ததைச் சலித்து, சட்டியில் லேசாக வறுத்து வைப்பார்கள். கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, மண் போக வடிகட்டி, அந்தப் பாகைச் சூட்டோடு மாவில் ஊற்ற வேண்டும். வறுத்து உடைத்த சிறுபயறு, தேங்காய்ப்பூ, ஏலம், சுக்கு. பிசையும்போது அம்மா தண்ணீரைக் கண்டபடி சேர்க்கமாட்டாள். மாவைப் பிடித்தால் விரல் அடையாளம் நிற்க வேண்டும், ஆனால் கையில் ஒட்டக்கூடாது, அவ்வளவுதான் பக்குவம். பிடித்த மாவை ஓலையின் குழியில் நீளமாக வைத்து, மேலே இன்னொரு ஓலையைக் கவிழ்த்து, ஓலை நாரால் இரண்டு இடத்தில் கட்டுவோம். என் முடிச்சு எப்போதும் அவிழ்ந்துபோகும். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து, பல்லால் நாரின் ஒரு முனையைக் கடித்து இழுத்து, மறுபடி கட்டி வைப்பாள்.

பானையின் அடியில் தண்ணீர், அதற்கு மேல் ஈர்க்கும் மட்டைத் துண்டுகளும் குறுக்கு மறுக்காகப் போட்ட தட்டு, அதற்கு மேல் கொழுக்கட்டைகள். வாயைத் துணியால் கட்டி மூடிவிடுவார்கள். ஆவி மேலே வரத் தொடங்கும்போது முதலில் வருவது கருப்பட்டி மணம் இல்லை, ஓலை மணம். பச்சை ஓலை வெந்து, அதன் சாறு மாவில் இறங்குகிற மணம். அதற்கு நிகரான ஒரு மணத்தை நான் எந்த ஊர் அடுக்களையிலும் இன்றுவரை முகர்ந்ததில்லை. பானையை இறக்கி, சூடாக ஒன்றை எடுத்து முடிச்சை அவிழ்த்தால், ஓலை தோலாக உரிந்து வரும். கொழுக்கட்டையின் முதுகில் ஓலையின் வரிகள் நெருக்கமாக, நேர்கோடாகப் பதிந்திருக்கும். அந்த வரிகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடிப்பேன். ஓரத்தில் ஓலையோடு ஒட்டிய மாவை நாக்கால் வழித்து எடுப்பதும் உண்டு. மறுநாள் ஆறிய கொழுக்கட்டை இன்னும் ருசி. ஓலை மணம் அதற்குள் நன்றாக ஊறியிருக்கும்.

சாயங்காலம் கோயில் முன்னால் நட்ட பனைமரத்துண்டில் ஓலை வேய்ந்து சொக்கப்பனை கொளுத்துவார்கள். ஓலை சடசடவென்று வெடித்து எரியும். அன்றைக்கும் தூறல் இருக்கும். தூறலுக்கு அந்தத் தீ அசையாது. அணைந்த பிறகு கரிந்த மட்டைத் துண்டுகளை எடுத்துப்போய் வயலில் போடுவார்கள். பிசானப் பயிர் நன்றாக வரும் என்று நம்பிக்கை. வீடு வந்தால் முற்றமெங்கும் அகல் விளக்கு, கையில் இன்னொரு கொழுக்கட்டை.

அந்த அடுக்களையை நான் நினைக்கும்போதெல்லாம் அதன் புகையையும் சேர்த்துத்தான் நினைக்கிறேன். அம்மாவின் கண் சிவந்தே இருந்தது அந்த மூன்று மாதமும். ஆச்சிக்குக் கடைசிக் காலத்தில் இருமல் நிற்கவே இல்லை. கேஸ் அடுப்பு வந்த அன்று அம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு அது விடுதலை. விறகடுப்புக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். பெண்ணின் கண்ணையும் நெஞ்சையும் விலையாகக் கேட்கிற எந்த ருசியும் வேண்டாம். ஆனால், மழை வந்தால் வீடு முழுக்க ஒரு இடத்தில் கூடுவதற்கும், அப்பா பூடு உரிப்பதற்கும், பிள்ளைகள் ஓலை கட்டுவதற்கும் புகை தேவையில்லை. மழைக்கென்று கோடையிலேயே எதையாவது எடுத்துவைக்கிற முன்யோசனைக்கும் புகை தேவையில்லை. அவையெல்லாம் புகையோடு சேர்ந்தே போய்விட்டதுதான் எனக்கு வருத்தம்.

ஓலைக் கொழுக்கட்டையையாவது நீங்கள் மீட்டுக்கொள்ளலாம். கார்த்திகைக்கு முந்தின ஒன்றிரண்டு நாட்களில் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தூத்துக்குடிச் சந்தைகளில் பனை ஓலை கட்டுக்கட்டாக வந்து இறங்கும். வெட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்த இரண்டு நாள் வருமானம் பெரிது. பேரம் பேசாமல் வாங்குங்கள். கருப்பட்டி வாங்கும்போது உள்ளே உடைத்துப் பாருங்கள், சீனி கலந்திருந்தால் பளபளவென்று தெரியும். பானையும் விறகும் வேண்டாம். இட்லிச் சட்டியில் கேஸ் அடுப்பிலேயே அருமையாக வேகும். உரலுக்குப் பதில் மிக்ஸி. மாவை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் ஓலை கட்டுவதை மட்டும் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் பிரித்துக்கொடுங்கள், ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்து. முடிச்சு அவிழ்ந்தால் இன்னொரு முறை கட்டிக்கொள்ளலாம்.